பின்படிக்கட்டு நெருப்பு

நெருப்பு அணைந்த சில நாட்களில் சாம்பல் கல்லாகிவிட்டிருந்தது. தீயணைப்பு வண்டிகள் பீய்ச்சியடித்த தண்ணீரெல்லாம் குளிரில் உறைந்து, எரிந்த துணி, உருகிய தையல் எந்திரங்கள், சரிந்த கூரைத் தகடு எல்லாவற்றையும் ஒரே பாளமாக இறுக்கிப் பிடித்திருந்தது. சல்தானத் மேல்தளத்தில் முழங்காலிட்டு, கெண்டியிலிருந்த வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்றினாள். பனிக்கட்டி முனகிக்கொண்டே விரிசல் விட்டது. இளகிய இடத்தைக் கொத்துக்கரண்டியால் நெம்பி, ஒரு கை அள்ளிச் சல்லடையில் போட்டாள். பொத்தான்கள், ஜிப்பின் பற்கள், ஊசிகள். எதையும் எறியாமல் தகரத் தட்டில் வைத்தாள். கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போய், இருப்பது தன் விரலா கரண்டியின் காம்பா என்று தெரியவில்லை.

நிலக்கரிப் புகை பிஷ்கெக் நகரத்தின்மேல் கவிந்து கிடந்தது. தெற்கே மலை இருக்கிறது என்று நம்பித்தான் ஆகவேண்டும், கண்ணுக்குத் தெரியவில்லை. முற்றத்தில் எர்காஷ் விறகு மூட்டி அடுத்த கெண்டிக்குத் தண்ணீர் சுடவைத்துக்கொண்டிருந்தான். தீயணைப்புத் துறை வண்டியின் ஓட்டுநர் அவன். வண்டி ஓட்டுவதோடு அவன் வேலை முடிந்துவிடும், ஆனால் இவள் தனியாகச் சாம்பலில் உழல்வதைப் பார்த்துக்கொண்டு வண்டியின் சூட்டில் உட்கார்ந்திருக்க அவனுக்கு மனம் வராது. பெட்ரோல் நாற்றம் ஒட்டிய கையோடு சாம்பல் பக்கம் வரக்கூடாது என்று அவள் கண்டித்திருந்ததால், கெண்டியைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றுவான்.

நெருப்பு எங்கே பிறந்தது, தானாகப் பிறந்ததா, யாராவது பெற்றுப்போட்டார்களா என்று கண்டு சொல்வது சல்தானத்தின் வேலை. தீயணைப்புத் துறையின் பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்த காலத்திலிருந்து இந்த நகரத்தில் கருகியவை பெரும்பாலும் அவள் கை பட்டுத்தான் குப்பைக்குப் போயிருக்கின்றன. எத்தனை கழுவினாலும் தலைமுடியில் புகை வாசம் போகாது. பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு எழுந்துபோவது அவளுக்குப் பழகிவிட்டது.

அது பழைய கம்பளிக் காலணி ஆலை. ஆலை மூடி ஒரு தலைமுறை ஆகிறது. கீழ்த்தளத்தில் செருப்புத் தைப்பவர்கள் இருந்தார்கள். மேல்தளத்துக் கூடத்தைப் பெண்கள் கூட்டாகச் சேர்ந்து வாடகைக்கு எடுத்துத் துணி தைத்துவந்தார்கள். அவர்களுக்கு முதலாளி என்று யாருமில்லை. எந்திரம் அவரவருடையது, வருவதைப் பங்கிட்டுக்கொள்வார்கள். போன வசந்தத்தில் ஷெர்மத் என்ற கட்டட வியாபாரி ஆலையை விலைக்கு வாங்கினான். அந்த இடத்தில் அடுக்குமாடி எழுப்பப் போவதாகப் பலகை நட்டான். முதலில் வாடகையை ஏற்றினான், பெண்களின் பங்கு தேய்ந்தது. பிறகு கூடத்தைச் சூடாக்கும் குழாயை அடைத்தான். அவர்கள் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்து, வாயால் விரல்களை ஊதிக்கொண்டு தைத்தார்கள். ஒப்பந்தக் காலம் முடியும்வரை நகரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு நாள் விடியலுக்கு முன்னால் மேல்தளம் எரிந்தது. உள்ளே படுத்திருந்த நூரிலா என்ற துணி வெட்டும் பெண் செத்துப்போனாள்.

காலை வெளுத்ததும் ஷெர்மத் வந்தான். நரித்தோல் தொப்பி, மினுக்கும் பூட்ஸ். ஏறி வரவில்லை. கீழே நின்றபடியே, அவள் காலையில் ஏதாவது சாப்பிட்டாளா என்று அக்கறையாகக் கேட்டான். காரில் சூடான கொழுக்கட்டை இருக்கிறது, தேநீர் இருக்கிறது என்றான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"இஸ்திரிப்பெட்டிதான்னு இன்ஸ்பெக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரே தங்கச்சி. இன்னும் தோண்டறதுக்கு இதுல என்ன இருக்கு?"

"இன்ஸ்பெக்டர் வாசல்ல நின்னு பாத்தாரு. நான் உள்ள உக்காந்து பாக்கறேன்."

"சுவரு எப்ப வேணா விழும். உங்க தலையில விழுந்தா பழி என்மேல."

"தலையில ஹெல்மெட் இருக்குண்ணே."

அவன் சிரித்தான். பிறகு முகத்தை வாட்டமாக்கிக்கொண்டு, செத்த பெண்ணை நினைத்தால் சோறு இறங்கவில்லை என்றான். அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு ஊர் வழக்கப்படி அறுத்துப் போடத் தன் செலவில் குதிரை வாங்கி அனுப்பியதைச் சொன்னான். சுவரைப் பார்த்து இன்னொரு முறை தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனான்.

அவன் போகும்வரை சுவரோரம் ஒதுங்கி நின்ற ஒரு பெண் மெல்ல முற்றத்துக்கு வந்தாள். ஒடிசலான உடம்பு, சாயம் போன தலைத்துணி. அவள் பெயர் பாத்மா. கூடத்தில் தைத்து முடித்த துணிகளுக்கு இஸ்திரி போடுகிறவள். கடைசியாகக் கூடத்தைவிட்டுப் போனவளும் அவள்தான். இஸ்திரிப்பெட்டியை அணைக்காமல் போய்விட்டாள் என்று போலீஸ் எழுதி, கையெழுத்தும் வாங்கி, ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று சொல்லி வெளியே விட்டிருந்தது. தினமும் வந்து நிற்கிறாள் என்று எர்காஷ் சொன்னான். எதற்கு நிற்கிறாள் என்று அவனுக்கும் தெரியவில்லை.

சல்தானத் கீழே இறங்கி வந்து, விறகடுப்புப் பக்கத்தில் அவளை உட்காரவைத்து, கிண்ணத்தில் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். பாத்மாவின் கைகளைப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பழைய சூட்டுத் தழும்புகள், படிப்படியாக.

"பெட்டியை அணைச்சியா, அணைக்கலையா?"

"ஞாபகம் இல்லக்கா." கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "தெனம் பண்ற வேலை. கை தானா போயி பிடுங்கிடும். அன்னைக்குப் பிடுங்குச்சான்னு யோசிச்சா, ஒரு நேரம் பிடுங்கின மாதிரி இருக்கு, ஒரு நேரம் இல்லாத மாதிரி. கண்ண மூடினா பெட்டி மேசைமேல செவக்கச் செவக்க நிக்குது. நான்தான் அக்கா. வேற யாரு?"

"ஞாபகம் இல்லேன்னா ஏன் கையெழுத்துப் போட்டே?"

கவனக்குறைவு என்று ஒப்புக்கொண்டால் ஜெயில் வராமல் பார்த்துக்கொள்வதாகவும், வக்கீலுக்குத் தானே செலவழிப்பதாகவும் ஷெர்மத் சொன்னானாம். கையெழுத்து வாங்கியபோது இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தானாம். அந்த உபகாரத்துக்குத் தான் தகுதியில்லை என்று பாத்மா அழுதாள். வேலை முடியாமல் வாய் திறக்கக்கூடாது என்பது சல்தானத்தின் தொழிலில் முதல் விதி. அவள் மறுபடி மேலே ஏறினாள்.

பெட்டி மத்தியானத்துக்குள் கிடைத்தது. கைப்பிடி உருகிப் போய், அடித்தகடு மட்டும் கறுத்துக் கிடந்தது. அதற்கடியிலிருந்த மேசைப் பலகையைத் திருப்பிப் பார்த்தாள். மேலிருந்து விழுந்த தீ அதைத் தின்றிருந்ததே தவிர, பெட்டியின் அடியில் குழி விழவில்லை. வயரின் செம்புக் கம்பிகளைத் தொட்டுக்கொண்டே போய், அவற்றின் நுனியில் பிளக்கைக் கண்டுபிடித்தாள். பிளாஸ்டிக் கரைந்து, இரண்டு பித்தளைக் கால்களும் தனியாக நின்றன. பல் துலக்கும் தூரிகையால் பனியைத் தட்டிவிட்டு, பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தாள். கால்கள் அடிமுதல் நுனிவரை கரி பிடித்திருந்தன. எரியும்போது சுவரில் செருகியிருந்திருந்தால் உள்ளே இருந்த பகுதி பளிச்சென்று தப்பியிருக்கும். சுவரிலிருந்த பிளக் துளைகளைத் திறந்து பார்த்தாள். உள்ளேயும் புகை புகுந்து படிந்திருந்தது.

பாத்மாவின் கை அன்றைக்கும் தானாகப் போய்ப் பிடுங்கியிருக்கிறது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

சல்தானத்துக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது. முற்றத்தை எட்டிப் பார்த்தாள். பாத்மா போய்விட்டிருந்தாள். நல்லதாகப் போயிற்று என்று தன்னைத்தானே அடக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். இஸ்திரிப்பெட்டி இல்லையென்றால் வேறு எது என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

பதில் பின்படிக்கட்டில் இருந்தது. கூடத்தின் மறுகோடியில், சரக்கு இறக்குவதற்காக அந்தக் காலத்தில் கட்டிய மரப்படிக்கட்டு அது. யாரும் புழங்காத, ஒரு விளக்குகூட இல்லாத இடம். அங்கே நெருப்புப் பிறக்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் கூடத்தில் எங்கும் இல்லாத அளவுக்கு அங்கேதான் ஆழமாக எரிந்திருந்தது, அதுவும் தரையோடு தரையாக. படிகளின் முன்விளிம்புகள் கரைந்து வழிந்த மெழுகுபோல இருந்தன. நெருப்பு மேலே ஏறும். தானாகப் படியிறங்காது, இறக்கிவிட்டால்தான் இறங்கும். கடைசிப் படியின் பலகையை உளியால் பிளந்து, அடியிலிருந்த மண்ணை மூக்கருகே கொண்டுபோனாள். கையிலிருந்தது உறைந்த மண். ஆனாலும் அந்த வாசனையை அவள் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வாள். மண்ணெண்ணெய்.

மண்ணை இறுக்க மூடும் டப்பாக்களில் அடைத்து, மெழுகு வைத்து முத்திரையிட்டாள். படிக்கட்டின் அடிக்கதவு எரிந்து விழுந்த இடத்தில் பூட்டு கிடைத்தது. உடைத்த பூட்டு இல்லை. அதன் நாக்கு ஒழுங்காக உள்ளே இழுபட்டிருந்தது. யாரோ சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள்.

மறுநாள் பகலில் நூரிலாவின் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்காவின் பெயர் கான்ஷாயிம். அவளும் அதே கூடத்தில் தைக்கிறவள், கூட்டுக்குத் தலைவிபோல இருந்தவள். நகரத்துக்கு வெளியே மேட்டுநிலத்தில் களிமண் செங்கல்லில் கட்டிய ஒற்றை அறை வீடு. முற்றத்தில் துக்கத்துக்கு அடித்த கம்பளிக் கூடாரம் இன்னும் பிரிக்கப்படாமல் நின்றது. ஆண்கள் வெளியே கோலூன்றி நின்றிருந்தார்கள். உள்ளே பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, செத்தவளின் பெயர் சொல்லி இழுத்து இழுத்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கூடாரத்து வாசலை எட்டியபோதுதான் அது நடந்தது. பாத்மா ஒரு துணியில் ரொட்டி சுற்றி எடுத்துக்கொண்டு துக்கம் கேட்க வந்திருந்தாள். ஒப்பாரி பட்டென்று நின்றது. கான்ஷாயிம் எழுந்து வந்தாள். அகலமான தோள்கள், அழுது வீங்கிய முகம். ரொட்டியைப் பிடுங்கி நாய்ப்பக்கம் வீசினாள்.

"என் தங்கச்சிய வறுத்துட்டு எனக்கு ரொட்டி கொண்டாறியா?"

கையோங்கினால் வாங்கிக்கொள்ள வந்தவள்போல பாத்மா நின்றாள். யாரோ பெண்கள் அவள் தோளைப் பிடித்துத் திருப்பி வாசலுக்குத் தள்ளினார்கள். ஒருத்தி அவள் பின்னால் துப்பினாள். தெருவோடு அவள் போவதை சல்தானத் பார்த்துக்கொண்டு நின்றாள். பிளக்கின் கரிபிடித்த கால்கள் அவள் நெஞ்சுக்குள் குத்தின. ஆனாலும் தொழிலின் முதல் விதியை அவள் மீறவில்லை.

கான்ஷாயிம் அவளைத் தனியாக வீட்டுக்குள் அழைத்துப் போய்த் தேநீர் ஊற்றினாள். நூரிலா ஏன் கூடத்தில் படுத்தாள் என்று சல்தானத் கேட்டாள். கான்ஷாயிம் அறையைக் கையால் காட்டினாள். பிள்ளைகளின் மெத்தைகள் கூரை எட்ட அடுக்கியிருந்தன. இலையுதிர்காலம் வரை இங்கேதான் இருந்தாளாம். கடைசிப் பிள்ளை பிறந்ததும் இடம் போதாமல், கூடத்தில் துணிப்பொதி இருக்கிறது, கதகதப்பாக இருக்கும், வசந்தம் வரைக்கும் அங்கே படு என்று அக்காதான் சொல்லி அனுப்பினாளாம். யாருக்கும் சொல்லவில்லை, ஷெர்மத்துக்குத் தெரிந்தால் அதற்கும் வாடகை கேட்பான் என்று.

"நான்தான் அனுப்பினேன்" என்றாள். பிறகு, வெகுநேரம் அடக்கிவைத்ததைக் கேட்டாள். "துடிச்சிருப்பாளா?"

"இல்ல. அந்தத் துணிப்பொதி எரிஞ்சா வர்ற புகை ரொம்ப மோசம். அது முந்திக்கிச்சு. படுத்த எடத்துலயே இருந்தா. எழுந்திரிக்கவே இல்ல."

கான்ஷாயிம் தலையைக் குனிந்துகொண்டாள். சல்தானத் பின்படிக்கட்டுச் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டாள்.

"அத அந்த ஷெர்மத் குளிர் தொடங்கறதுக்கு முன்னாடியே வாங்கிட்டுப் போயிட்டான். சரக்கெல்லாம் முன்வாசல் வழியாவே தூக்குங்கன்னுட்டான்." அவள் நிமிர்ந்தாள். "ஏன்?"

"வேலை முடியட்டும், சொல்றேன்" என்று சொல்லிவிட்டு சல்தானத் எழுந்துகொண்டாள். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்த பிறகும் தான் சொல்லாமல் வைத்திருக்கும் அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு அவளை விடவில்லை.

வேலை முடியவில்லை, முடிக்க விடவில்லை. அடுத்த நாள் அவளுடைய மேலதிகாரி கர்னல் இசாபெக் கூப்பிட்டனுப்பினார். ஓய்வுபெறும் வயதை எட்டிக்கொண்டிருந்த மனிதர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. நெருப்புக்குள் பாய்ந்து ஆள் தூக்கியவர், நாற்காலிக்கு வந்த பிறகுதான் பயம் தெரிந்துகொண்டவர். அவள் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிய மண் டப்பாக்களின் மூடி தளர்ந்திருந்ததாகவும், சோதனைக்கு லாயக்கில்லை என்று அவற்றைக் கொட்டிவிட்டதாகவும் சொன்னார். சொல்லும்போது சன்னலைப் பார்த்துக்கொண்டார்.

"நான் மெழுகு வெச்சு மூடினேன்" என்றாள் சல்தானத்.

"தையல் கூடத்துல எண்ணெய் இருக்காதா என்ன? எந்திரத்துக்குப் போடறாங்கல்ல."

"எந்திர எண்ணெய் வேற, இது வேற. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்." அவர் குரல் தணிந்தது. "எனக்கு மேல இருந்து போன் வருதும்மா. கட்டடம் ஆபத்து, நாளைக்கே இடிக்கணும்னு நகராட்சி உத்தரவு போட்டாச்சு. நீ நாளையிலேர்ந்து லீவுல போ. மகளோட எங்கயாவது போயிட்டு வா. அறிக்கையில வேற ஆள் கையெழுத்துப் போடுவான்."

"நான் லீவுல போகாட்டி?"

குடியிருக்கும் வீடு துறையுடையது என்பதை அவர் நினைவுபடுத்தினார். மிரட்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னார். அதுதான் அவளுக்கு அதிகம் உறைத்தது. ஷெர்மத்தும் அந்தப் பெண்களிடம் இப்படித்தான் முதலில் வருத்தமாகப் பேசத் தொடங்கியிருப்பான் என்று தோன்றியது.

வீட்டுக்குப் போய் மகளிடம் நடந்ததைச் சொன்னாள். கல்லூரியில் படிக்கிற மகள் கடைசிவரை கேட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அட்டைப்பெட்டியை இழுத்துப்போட்டு அதில் புத்தகங்களை அடுக்கத் தொடங்கினாள். தாய்க்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினாள்.

சாயங்காலம், ஆலையின் கீழ்த்தளத்தில் செருப்புத் தைப்பவர்களின் அறையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். மேலிருந்து ஒழுகிய தண்ணீர் கூரையில் பனிக்கோல்களாகத் தொங்கியது. தோல் வாசமும் பசை வாசமும் அடித்தன. இடிக்கும் உத்தரவை அன்று மத்தியானம் கதவில் ஒட்டிப் போயிருந்தார்கள். தையல்காரப் பெண்கள் ஒருபக்கம், செருப்புக்காரர்கள் ஒருபக்கம் நின்று, ஒருவர் மேல் ஒருவர் பழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு பொம்பிளையின் மறதியால் எங்கள் பிழைப்பும் போயிற்று என்றார் அபித் என்ற மூத்த செருப்புக்காரர். கான்ஷாயிம் மறுத்துப் பேசவில்லை. பாத்மா வெளியே, வாசற்படிக்கு அப்பால், உள்ளே வரத் துணியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

சல்தானத் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். சலசலப்பு எழுந்தது. கான்ஷாயிம் எழுந்து வெளியேறப் பார்த்தாள்.

"இரு. நான் சொல்றதக் கேட்டுட்டுப் போ" என்றாள் சல்தானத். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத குரல். சாம்பலிடமே பேசிப் பழகியவள். பையிலிருந்து ஒரு சிறு கண்ணாடிச் சீசாவை எடுத்தாள். அதற்குள் பிளக்கின் கால்கள் இருந்தன. டப்பாக்களோடு அனுப்பாமல் தன்னிடமே வைத்திருந்த ஒரே பொருள். "இது இஸ்திரிப்பெட்டியோட பிளக்கு. ரெண்டு காலும் முழுசாக் கரி. சுவத்துல செருகியிருந்தா இப்பிடி ஆகாது. நெருப்பு வந்தப்ப இது வெளிய கிடந்திருக்கு. பாத்மா பிடுங்கிட்டுத்தான் போயிருக்கா."

பாத்மா புரியாமல் விழித்தாள். பிறகு தன் வலது கையைத் தூக்கி, அது வேறு யாருடைய கையோ என்பதுபோல உற்றுப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினாள்.

சல்தானத் மீதியையும் சொன்னாள். பின்படிக்கட்டில் மேலிருந்து கீழ்வரை மண்ணெண்ணெய் ஊற்றியிருந்ததை, பூட்டைச் சாவி போட்டுத் திறந்திருந்ததை. தன் கண்ணால் கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

"ஷெர்மத்தா?" என்று கேட்டார் அபித்.

"யாரு ஊத்தினாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாதத சொல்ல மாட்டேன். ஊத்தினாங்கங்கறது தெரியும். அத எங்க வேணா சொல்வேன்."

கான்ஷாயிம் சுவரில் சாய்ந்தபடி நின்றாள். சாவி யாரிடம் இருந்தது என்று சல்தானத் அவளிடம்தான் கேட்டிருந்தாள், பதிலை அவள் வாயாலேயே சொல்லியிருந்தாள். அது இப்போதுதான் அவளுக்குள் இறங்கியது.

"அந்தாளு அனுப்பின குதிரையத்தான் என் தங்கச்சிக்கு அறுத்தோம்" என்றாள். "எல்லாருமா உக்காந்து தின்னோம்."

அவள் தடுமாறி நடந்து வந்து பாத்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். பாத்மாவின் தலைத்துணி நழுவிக் கிடந்தது. அதை எடுத்துக் காதுவரை இழுத்துவிட்டு, பின்னால் முடிச்சுப் போட்டாள். இரண்டு பேரும் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அபித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பேசிய பேச்சுக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றார்.

அதற்குமேல் பேச்சு வேறு மாதிரி ஆயிற்று. டப்பாவில் இருந்தது போய்விட்டது, ஆனால் படிக்கட்டின் அடியில் மண் இன்னும் இருக்கிறது என்று சல்தானத் விளக்கினாள். சாட்சிகள் முன்னால் மறுபடி எடுத்து, ஒரு டப்பா துறைக்கும், ஒன்று வக்கீலுக்கும், ஒன்று இவர்களுக்குமாகப் பிரித்து வைத்தால் யாரும் கொட்டிவிட முடியாது. ஆனால் காலையில் இடித்து வாரிவிட்டால் மண்ணும் போய்விடும். தனக்குத் தெரிந்த வக்கீல் பெண் ஒருத்தி நீதிமன்றத்தில் தடை வாங்கிவரப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள், மத்தியானத்துக்கு முன் முடியாது. அதுவரை படிக்கட்டு நிற்க வேண்டும்.

"அப்ப நாமளும் நிக்கவேண்டியதுதான்" என்றாள் கான்ஷாயிம்.

வெளியேற்றினால் எங்கே போவது, கைது செய்தால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஒரு குடும்பம் வரவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தும் போனது. அவர்களை யாரும் ஏசவில்லை. மற்றவர்கள் யார் வீட்டில் பிள்ளைகளை விடுவது, யார் ரொட்டி சுடுவது என்று பேசத் தொடங்கினார்கள்.

காலையில் புகைமூட்டத்துக்குள்ளிருந்து இடிக்கும் எந்திரம் உறுமிக்கொண்டு வந்தபோது, பின்படிக்கட்டைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். பெண்கள் தோளோடு தோள் இடித்து முன்வரிசையில். அவர்களுக்குப் பின்னால் செருப்புக்காரர்கள், மேலே தோல் முன்துண்டோடு. நடுவில் சல்தானத் முழங்காலிட்டு மண்ணை வெட்டிக்கொண்டிருந்தாள். லீவுக் கடிதத்தில் அவள் கையெழுத்துப் போடவில்லை. எர்காஷ் தனக்குக் காய்ச்சல் என்று துறைக்குச் சொல்லிவிட்டு, வண்டியில்லாமல் நடந்தே வந்து விறகு மூட்டியிருந்தான்.

ஷெர்மத் எந்திரத்துக்குப் பின்னால் காரில் வந்தான். இந்த முறை கொழுக்கட்டை பற்றிப் பேசவில்லை.

"இது என் இடம். எல்லாரும் வெளிய போங்க."

"ஒப்பந்தம் இன்னும் முடியல" என்றாள் கான்ஷாயிம். "நாங்க எங்க கூடத்துலதான் நிக்கறோம். கூரை இல்ல, அவ்வளவுதான்."

"சுவரு விழுந்து செத்தா யாரு பதில் சொல்றது?"

"ஏற்கெனவே ஒருத்தி செத்துட்டா. அவளுக்குப் பதில் சொல்லிட்டு எங்ககிட்ட வா."

அவன் பார்வை பாத்மாமேல் விழுந்தது. "நீயுமா இங்க நிக்கறே? உனக்கு வக்கீல் வெக்கறேன்னு சொன்னவனுக்கு எதிராவா?"

பாத்மா பின்வாங்கவில்லை. "உங்க வக்கீல நீங்களே வெச்சுக்குங்க. உங்களுக்குத் தேவைப்படும்" என்றாள். பெண்களுக்குள் ஒரு சிரிப்பு ஓடியது, அந்த முற்றத்தில் நெருப்புக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு.

ஷெர்மத் எந்திர ஓட்டுநரைப் பார்த்துக் கையசைத்தான். எந்திரம் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. வரிசை அசையவில்லை. இன்னும் கொஞ்சம் வந்தது. அதன் சூடு முன்வரிசையின் முகத்தில் அடித்தது. கான்ஷாயிம் பாத்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சல்தானத் திரும்பிப் பார்க்காமல் மண்ணை டப்பாவில் அழுத்தினாள். மூடியை இறுக்கி, சாட்சியாக அபித்தைப் பெருவிரல் பதிக்கச் சொன்னாள். இளகிய மெழுகில் அவருடைய பெரிய விரல் பதிந்தது. ஓட்டுநர் எந்திரத்தை அணைக்கவுமில்லை, நகர்த்தவுமில்லை. போலீஸ் வரட்டும் என்று சொல்லிவிட்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

போலீஸ் வந்தது. இளம் அதிகாரி, நல்ல குளிரில் வெளியே அனுப்பிவிட்டார்களே என்ற எரிச்சல் முகத்தில் தெரிந்தது. தடை உத்தரவு எங்கே என்று கேட்டான். வக்கீல் கொண்டுவருவாள் என்றார்கள். வராவிட்டால் எல்லார் மேலும் வழக்கு என்றான். அதற்கும் யாரும் நகராததால், சரி, வரிசையாக வந்து பெயரைக் கொடுங்கள் என்று காகிதத்தை எடுத்தான்.

முதலில் போனவள் பாத்மா. பெயரைச் சொன்னாள், தகப்பன் பெயரைச் சொன்னாள், தொழில் என்ன என்று கேட்கும் முன்பே இஸ்திரி போடுகிறவள் என்று சொன்னாள். அடுத்து கான்ஷாயிம். பிறகு அபித். பிறகு அவர் மருமகன், பொத்தான் தைக்கிற பெண்கள், நிறைமாதக்காரி ஒருத்தி. அதிகாரியின் பேனா குளிரில் எழுத மறுத்தது. வாயருகே வைத்து ஊதிக்கொண்டு எழுதினான். வாசல் பக்கம் பார்த்தான். சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள் சிலர் செய்தி கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களும் எதற்கென்று கேட்காமல் வரிசையின் வாலில் போய் நின்றார்கள்.

அவன் நிமிர்ந்தபோது எதிரே சல்தானத் நின்றிருந்தாள். ஹெல்மெட், கரிபிடித்த கன்னம், கக்கத்தில் முத்திரையிட்ட டப்பா. எத்தனையோ தீ விபத்துகளில் அவளுக்கு சல்யூட் அடித்தவன் அவன்.

"அக்கா, நீங்க எதுக்கு இந்த வரிசையில?"

"எழுது தம்பி" என்றாள் அவள். "பின்னால நெறையப் பேரு குளிர்ல நிக்கறாங்க."